கேம்பர் சிங்க்கில் தண்ணீர் தேங்குகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கனடாவின் ஒன்டாரியோவில் மே மாதக் கடைசியில் கேம்பிங் சூடு பிடித்தால், அக்டோபர் வரை எனக்கு ஒரே போன் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, ட்ரெய்லர் சிங்க்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" எங்களுடையது 23 அடி ட்ரெய்லர், சமையலறையும் ஷவரும் உள்ள கேம்பர் வண்டி. ஆறு கோடையாக இழுத்துக்கொண்டு போகிறோம். அதன் சிங்க்கை எத்தனை தடவை கழற்றியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. நண்பர்களின் வண்டிகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். போனில் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வீட்டில் சிங்க் நின்றால் அடைப்பு என்று சொல்லிவிடலாம். கேம்பரில் அப்படி இல்லை. நான் திறந்து பார்த்த வண்டிகளில் பைப் அடைத்துக்கிடந்தது குறைவு. கழிவுத் தண்ணீர் சேரும் டேங்க் நிறைந்திருக்கும், இல்லையென்றால் காற்றுக்கு வழி இருக்காது, இல்லையென்றால் வண்டி சாய்ந்து நிற்கும். இந்த மூன்றுக்கும் கடையில் விற்கும் அடைப்பு நீக்கித் திரவம் எதுவும் செய்யாது. காஸ்டிக் கலந்த அந்தத் திரவம் பைப்பின் வளைவிலேயே தங்கிவிடும். அப்புறம் அந்த வளைவைக் கழற்றுபவரின் கையிலும் முகத்திலும்தான் கொட்டும். ரப்பர் வாஷர்களையும் கெடுக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், கழற்றப்போகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

## ஸ்பேனரை எடுக்கும் முன்

சிங்க்கை அடைப்பானால் மூடி, குழாயைத் திறந்து பாதி அளவு தண்ணீர் பிடியுங்கள். அடைப்பானை எடுத்துவிட்டு மூன்றைக் கவனியுங்கள். ஷவர் தட்டில் தண்ணீர் எட்டிப் பார்க்கிறதா? சிங்க்கிலிருந்து கொடகொடவென்று சத்தம் வருகிறதா? இது இன்று திடீரென்று வந்ததா, சில வாரங்களாக மெல்ல மெல்ல வந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

## அறிகுறி: சிங்க் இறங்கவில்லை, ஷவர் தட்டில் தண்ணீர் ஏறுகிறது

டேங்க் நிறைந்துவிட்டது. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பெரும்பாலான ட்ரெய்லர்களில் சிங்க் தண்ணீரும் ஷவர் தண்ணீரும் கிரே டேங்க் என்ற ஒரே கழிவுத் தொட்டியில் விழுகின்றன. ஷவர் தட்டு தரையோடு இருப்பதால் டேங்க் நிறைந்ததும் தண்ணீர் முதலில் அங்கேதான் மேலே வரும். டேங்க் சாதாரணமாக 30 முதல் 40 கேலன், அதாவது 115 முதல் 150 லிட்டர். நான்கு பேர் குளித்து, இரண்டு வேளைப் பாத்திரம் கழுவினால் இரண்டே நாளில் நிறைந்துவிடும் அளவு இது.

டம்ப் ஸ்டேஷனுக்கு (கழிவு டேங்க்குகளைக் காலி செய்யும் இடம்) போய்க் காலி செய்யுங்கள். பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவு) முதலில், கிரே டேங்க் அப்புறம். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வண்டிக்கு அடியில் புல்லில் திறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் சிங்க் தண்ணீரானாலும் தரையில் விடக் கூடாது. ஸ்டேஷன் தூரமாக இருந்தால், சக்கரம் வைத்த சின்ன டேங்க் ஒன்றை வாங்கி அதில் பிடித்துக்கொண்டு போகலாம்.

### மீட்டர் காலி என்று காட்டுகிறதே?

மீட்டரை நம்ப வேண்டாம். டேங்க் சுவரில் பதித்த சின்ன உலோக முனைகளைத் தண்ணீர் தொட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் காலி டேங்க்கையும் நிறைந்ததாகக் காட்டும். ஒயர் துருப்பிடித்தால் நிறைந்த டேங்க்கையும் காலி என்று காட்டும். எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை பேர் குளித்தீர்கள் என்று நீங்களே கணக்குப் போடுவதுதான் நம்பகமானது.

### வால்வைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை

முதலில் பெரிய கழிவுக் குழாயை மாட்டிவிட்டுத்தான் வால்வின் கைப்பிடியை இழுக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியோடு போராடினால், திடீரென்று திறக்கும்போது உங்கள் காலில்தான் கொட்டும்.

கைப்பிடி வழக்கத்தைவிட லேசாக வருகிறது, பாரமே இல்லை என்றால் உள்ளே கேபிள் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. கைப்பிடி நகரவே இல்லை என்றால் வால்வுத் தகடு பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்க் வழியாகவோ ஷவர் வழியாகவோ குழாயில் வரும் சுடுதண்ணீரை முடிந்த அளவு விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கைப்பிடியை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கம்பி வளைந்துவிடும். அறுந்த கேபிளுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். வால்வு வெளியே தெரியும்படி இருந்தால், டேங்க்கைக் காலி செய்த பின் நான்கு போல்ட் கழற்றி நீங்களே மாற்றிவிடலாம். வண்டியின் அடிப்பக்க பிளாஸ்டிக் உறைக்குள் ஒளிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஷவர் நன்றாகப் போகிறது, சிங்க் மட்டும் அப்படியே நிற்கிறது

சின்ன வண்டி என்றால் அடுத்த தலைப்புகளுக்குப் போகலாம். நீளமான வண்டி என்றால், முக்கியமாகப் பழைய வண்டியாக வாங்கியது என்றால், ஒரு நிமிடம் வெளியே இறங்கி ஒரு சுற்று வாருங்கள்.

நண்பர் ஒருவர் 31 அடி வண்டியைக் கைமாற்றி வாங்கினார். மூன்றாவது பயணத்திலேயே சிங்க் நின்றுவிட்டது. சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் பைப்பை, அதாவது பி-ட்ராப்பைக் கழற்றிக் கழுவினார், அடைப்பு எடுக்கும் நீளமான ஸ்பிரிங் விட்டுக் குத்தினார், எதுவும் ஆகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, வண்டிக்கு அடியில் குனிந்ததும் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடி தெரிந்தது. மண் படிந்து கறுப்பாக, வண்டியின் நிறத்தோடு கலந்திருந்தது. அவர் எப்போதும் திறக்கும் இரண்டு கைப்பிடிகளும் அங்கிருந்து பத்தடி முன்னால் இருந்தன. சமையலறைக்கென்று தனி டேங்க் இருக்கிறது என்று வண்டியை விற்றவர் சொல்லவில்லை. வாங்கிய நாளிலிருந்து அது ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை. அந்தக் கைப்பிடியை இழுத்து முடித்த பின் சிங்க்கில் தண்ணீர் விட்டோம், சுழன்றுகொண்டு போனது.

தனி டேங்க் இருந்தால் ஷவர் தட்டில் தண்ணீர் ஏறாது. அதனால்தான் இந்தப் பழுது ஏமாற்றும். கழிவுக் குழாய் மாட்டும் வாய்கள் எத்தனை, கைப்பிடிகள் எத்தனை என்று எண்ணுங்கள். வாங்கிய அன்றே எண்ணி, ஒவ்வொன்றிலும் எது எதற்கு என்று மார்க்கரில் எழுதிவிடுவது இன்னும் நல்லது.

## அறிகுறி: கொடகொடவென்று சத்தம், விட்டு விட்டு இறங்குகிறது

இது காற்றுப் பிரச்சினை. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படி முட்டி முட்டிக் கொட்டுமோ அதே சத்தம். இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வண்டிகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

சிங்க்கின் அடியில் கதவைத் திறந்து பாருங்கள். யு போல வளைந்த பி-ட்ராப் தெரியும். அதைத் தாண்டிக் கறுப்புப் பைப் ஒன்று மேல்நோக்கி நின்று, அதன் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உருண்டை இருக்கும். அதுதான் ஏர் வால்வு. தண்ணீர் இறங்கும்போது காற்றை உள்ளே விடும், மற்ற நேரம் மூடிக்கொண்டு நாற்றத்தை உள்ளேயே வைக்கும். கேம்பர்களில் வருவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ரப்பர் வட்டும் போட்ட மலிவான வகை. ரப்பர் ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே வராது.

### சோதனை

வால்வைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். அடியில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். திறந்த பைப் வாயின் மேல் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, விரல் அகலத்துக்கு ஒரு துண்டாகப் பிடியுங்கள். இன்னொருவரைச் சிங்க்கில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரே ஒரு செம்புதான், முதலிலேயே நிறைய வேண்டாம்.

காகிதம் உள்ளே இழுக்கப்படுகிறது, தண்ணீரும் விறுவிறுவென்று இறங்கிவிட்டது: ஏர் வால்வு கெட்டுவிட்டது. ஹார்டுவேர் கடையில் பத்து டாலரை ஒட்டிய விலையில் புதிது கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் மரை அளவு பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 1½ அங்குலம்தான். மரையில் டெஃப்லான் டேப் இரண்டு மூன்று சுற்று சுற்றி, செங்குத்தாக நிற்கும்படி கையால் இறுக்குங்கள். சாய்ந்து நின்றால் சரியாக மூடாது. உயரம் இடம் கொடுத்தால் ஸ்பிரிங் இல்லாத, தன் எடையிலேயே மூடும் வகையை வாங்குங்கள். நான் அதற்கு மாறியதிலிருந்து அந்த வால்வைத் தொடவில்லை.

காகிதம் வெளியே தள்ளப்படுகிறது, கூடவே நாற்றமும் வருகிறது: டேங்க்கிலிருக்கும் காற்று வெளியேற இடமில்லாமல் இந்தப் பக்கம் வருகிறது. கூரையில் இருக்கும் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. இங்கே ஏர் வால்வை மாற்றிப் பயனில்லை. அந்த வால்வு காற்றை உள்ளேதான் விடும், வெளியே விடாது.

பைப் வாயில் தண்ணீரே எழும்பி வருகிறது: அடைப்பு அதற்குக் கீழே, டேங்க்குக்குப் போகும் வழியில் இருக்கிறது. பிசுக்கு பற்றிய, 'வாரத்துக்கு வாரம் மெதுவாகிறது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

சோதனை முடிந்ததும் வால்வை உடனே திரும்ப மாட்டிவிடுங்கள். டேங்க் வாயு தீப்பிடிக்கக்கூடியது, வண்டிக்குள் வர விடக் கூடாது. அதே காரணத்துக்காக இந்தச் சோதனையை ஊதுபத்திப் புகையை வைத்துச் செய்ய வேண்டாம், அடுப்பும் எரியக் கூடாது.

### கூரைக் குழாயை உறுதி செய்ய

கூரைக்கு ஏறும் முன் கீழேயிருந்தே ஒரு சோதனை செய்யலாம். டம்ப் ஸ்டேஷனில் டேங்க்கைக் காலி செய்த பின், கழிவுக் குழாய் மாட்டியபடியே கிரே டேங்க் வால்வைத் திறந்து வைத்துச் சிங்க்கில் தண்ணீர் விடுங்கள். அப்புறம் வால்வை மூடிவிட்டு மறுபடியும் விடுங்கள். திறந்திருக்கும்போது நன்றாகப் போய், மூடியதும் கொடகொட சத்தம் திரும்பினால் சந்தேகமே வேண்டாம், கூரைக் குழாய்தான்.

குளவிக் கூடு, காய்ந்த இலை, குருவி கொண்டுவந்து வைத்த குச்சி, குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியில் இவைதான் இருக்கும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கையை விடாதீர்கள், குளவி இருக்கலாம். ஈரக் கூரையிலும் தனியாளாகவும் ஏற வேண்டாம். எல்லா ட்ரெய்லரின் கூரையும் ஆள் எடையைத் தாங்கும் என்று சொல்ல முடியாது, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் வெளியே ஏணி போட்டு நின்றபடி எட்டுகிறதா பாருங்கள்.

குழாய் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் காற்று போகவில்லை, முக்கியமாக டேங்க் பாதி நிறைந்த பிறகுதான் சத்தம் தொடங்குகிறது என்றால், அந்தக் குழாய் நழுவி டேங்க்குக்குள் இறங்கியிருக்கலாம். அதன் வாய் தண்ணீரில் மூழ்கிவிட்டால் காற்று போகாது. இது ஆளைக் கூப்பிட வேண்டிய பழுது. தூக்கி நிறுத்தி மறுபடி பிடிமானம் கொடுக்க வேண்டும், கூரையின் கசிவுத் தடுப்புப் பசையையும் புதிதாகப் பூச வேண்டும்.

## அறிகுறி: சத்தம் இல்லை, வாரத்துக்கு வாரம் மெதுவாகிறது

பிசுக்கு. நம் சமையல் செய்யும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். சோறு வடித்த கஞ்சி ஆறியதும் பசையாகிவிடும். அதோடு தாளித்த எண்ணெய், கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, புளி நார், காபி மண்டி எல்லாம் சேரும். ஒருமுறை கழற்றிய பி-ட்ராப்பில் விரலை விட்டபோது களி மாதிரி வழுவழுவென்று வந்தது. கழுவிப் பார்த்தால் அதற்குள் முழுக் கடுகும் புளி நாரும் பின்னிக்கொண்டு, சின்ன நூல் உருண்டை போல இருந்தது. பைனரி (Pinery), சேண்ட்பேங்க்ஸ் மாதிரி மணல் கரைப் பூங்காக்களில் இருந்து வந்தால் மணலும் சேரும். பிள்ளைகளின் மணல் வாளியைச் சிங்க்கில் கழுவினால் அந்த மணல் வளைவின் அடியில் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்துவிடும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

### சுடுதண்ணீரும் சோப்பும்

சிங்க்கில் தேங்கியதை முதலில் ஒரு குவளையால் மொண்டு எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு அரை டம்ளர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அடைப்பானைப் போட்டு, குழாயில் வரும் சுடுதண்ணீரைச் சிங்க் நிறையப் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். தண்ணீரின் பாரம்தான் இங்கே வேலை செய்கிறது. இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். அடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் இணைப்புகளும் ரப்பரும் அந்தச் சூட்டுக்கு ஆனவை அல்ல.

சமையல் சோடாவும் வினிகரும் போட்டுப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நுரைக்கும், நாற்றம் கொஞ்சம் போகும், எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். வினிகரோடு ப்ளீச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். கேம்பர் மாதிரிச் சின்ன இடத்தில் அது பெரிய ஆபத்து.

### பம்ப்

அழுத்தி இழுக்கும் சின்ன ரப்பர் பம்ப் (ப்ளஞ்சர்) போதும். இரட்டைச் சிங்க் என்றால் மறுபக்க ஓட்டையை ஈரத் துணியால் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஷவர் ஓட்டையையும் ஈரத் துணியால் மூட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தரும் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். மெதுவாகப் பத்துத் தடவை. இணைப்புகள் வெறும் கையால் இறுக்கியவை என்பதை மறந்து பலமாகக் குத்தினால் அடியில் பைப் கழன்றுகொள்ளும்.

### பி-ட்ராப்பைக் கழற்றுவது

அடியில் வாளி வையுங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கையால் திருகுங்கள். வரவில்லையென்றால் துணி சுற்றி ஸ்பேனரால் லேசாக அசைத்துக் கொடுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரின் சரிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது அப்போதுதான் நினைவிருக்கும். வளைவை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள். கழற்றிய கையோடு அதே சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்தால் அலமாரி முழுக்க நனைந்துவிடும், அவசரத்தில் இது பலருக்கும் நடக்கிறது.

யு வளைவுக்குப் பதிலாக நேரான, படுத்த குழாய் ஒன்று இருந்தால் அது ஹெப்வோ வகை. உள்ளே மெல்லிய சிலிக்கோன் சவ்வு இருக்கிறது. அதற்குள் கம்பியோ ஸ்பிரிங்கோ விடவே கூடாது, சவ்வு கிழிந்துவிடும். கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டினால் போதும்.

### ஸ்பிரிங் விடுவது

வளைவு சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் கால் அங்குல ஸ்பிரிங் போதும். சிங்க் ஓட்டை வழியாக விட வேண்டாம். கொடகொட சத்தத் தலைப்பில் சொன்ன ஏர் வால்வைக் கழற்றி, அந்த வாய் வழியாக விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கிருந்து பைப் நேராகக் கீழே டேங்க்கை நோக்கி இறங்குகிறது. ஒரு வளைவு மிச்சம், வேலையும் சுலபம். முட்டினால் தள்ளாதீர்கள், சுழற்றுங்கள். இந்த பைப்புகளின் முழங்கை வளைவுகள் மெல்லியவை, முரட்டுத்தனமாகத் தள்ளினால் உடையும். ஸ்பிரிங் முழுக்க இறங்கி டேங்க்கில் தட்டுகிற சத்தம் கேட்டும் தண்ணீர் போகவில்லையென்றால் அது பிசுக்கு இல்லை, மற்றத் தலைப்புகளைப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் இதையும் செய்யலாம். கிரே டேங்க்கில் நாற்பது ஐம்பது லிட்டர் சுடுதண்ணீரும் தாராளமாகச் சோப்பும் விட்டுக்கொண்டு, வழியில் இருக்கும் டம்ப் ஸ்டேஷன் வரை ஓட்டுங்கள். ரோட்டுக் குலுக்கலில் டேங்க் தானே கழுவிக்கொள்ளும். மீட்டரும் சில சமயம் சரியாகிவிடும்.

எங்கள் வண்டியில் இப்போது ஒரே விதி: தட்டையும் வாணலியையும் காகிதத்தால் துடைக்காமல் சிங்க்கில் வைக்கக் கூடாது. கஞ்சி வாளியில் வடிகிறது, எண்ணெய் பழைய டின்னில் ஆறி, உறைந்து, குப்பைக்குப் போகிறது. ஓட்டையில் மெல்லிய கம்பிச் சல்லடை எப்போதும் இருக்கும். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

## அறிகுறி: போன பூங்காவில் நன்றாக இருந்தது, இங்கே வந்ததும் நிற்கிறது

வண்டி சாய்ந்து நிற்கிறது. கழிவு பைப்புக்கு வாட்டம் (சரிவு) ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது பொதுவான கணக்கு. ட்ரெய்லரின் அகலம் சுமார் எட்டு அடி. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் அந்த வாட்டம் முழுக்கப் போய்விடும். புல் தரையில் மழை பெய்து ஒரு சக்கரம் அமிழ்ந்தாலே இரண்டு அங்குலம் ஆகிவிடும்.

தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், குறுக்கிலும் நெடுக்கிலும். குறுக்கில் சரிசெய்ய, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றுங்கள். நெடுக்கில் என்றால் முன் ஜாக்கை ஏற்றி இறக்கினால் போதும், சக்கரத்துக்கு முட்டு கொடுத்த பிறகு. நான்கு மூலையிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்குகளால் வண்டியைத் தூக்காதீர்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், பாரம் தூக்கினால் சட்டம் வளையும்.

ரசமட்டம் நடுவில் நிற்கிறது, அப்படியும் தண்ணீர் மெதுவாக இருக்கிறது, முன் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் மட்டும் போகிறது என்றால், அடியில் பைப்பைத் தாங்கும் பட்டை அறுந்து பைப் நடுவில் தொங்குகிறது. அடி உறையை வெட்டித்தான் பார்க்க முடியும். இதற்கு ஆள் வேண்டும்.

## அறிகுறி: புது வண்டி, முதல் நாளிலிருந்தே மெதுவாகப் போகிறது

தொழிற்சாலையில் பைப்புக்கு ஓட்டை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள், மரத்தூள், சில சமயம் வெட்டி எடுத்த வட்டத் துண்டே உள்ளே இருக்கும். பி-ட்ராப்பை மட்டும் கழற்றிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உத்தரவாதத்தில் விற்பனையாளரிடம் கொண்டுபோங்கள். நீங்களே பைப்பை வெட்டினால் உத்தரவாதத்தைக் காட்டிப் பேச முடியாது.

## அறிகுறி: குளிர்ந்த காலையில் மட்டும் நிற்கிறது

செப்டம்பர் காலை, வெளியே பத்து டிகிரி, சிங்க் நிற்கிறது, மத்தியானம் சரியாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெயோ நெய்யோதான் காரணம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். முந்தின இரவு ஊற்றியது பைப்பில் மெழுகு மாதிரி நிற்கிறது. சுடுதண்ணீரும் சோப்பும் போதும்.

இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால் அது பனிக்கட்டி. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து வண்டிக்குள் சூடேற்றுங்கள், அல்லது ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். தீ எதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். உருகிய பிறகு பி-ட்ராப்பில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது ஒவ்வொரு ஓட்டையிலும் ஆர்வி (கேம்பர் வண்டி) கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு ஆன்ட்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஓரிரு கப் ஊற்றிவிட்டால் இந்த விரிசல் வராது. காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸ் விஷம், அதை இங்கே ஊற்றக் கூடாது.

## அறிகுறி: சின்ன பாப்-அப் கேம்பர், தண்ணீர் வெளியே வாளியில் விழும் வகை

இதில் டேங்க்கே இல்லை, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றுதான். குழாயின் நுனி வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா பாருங்கள். மூழ்கினால் காற்று அடைபட்டு நின்றுவிடும், நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். நடுவில் மடங்கியிருந்தாலோ, ஏறி இறங்கிக் கிடந்தாலோ நேராக்குங்கள். மடிப்பு மடிப்பான அக்கார்டியன் குழாய் என்றால் ஒவ்வொரு மடிப்பிலும் சோற்றுப் பருக்கை தங்கும். உள்ளே வழவழப்பான குழாய் ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

அறுந்த கேபிள், நழுவிய கூரைக் குழாய், தொங்கும் பைப், இவற்றை மேலே சொன்னேன். இன்னும் இரண்டு இருக்கின்றன. சிங்க் அலமாரிக்கு முன்னால் தரையை மிதித்தால் அமுங்குகிறது என்றால் நெடுநாளாகக் கசிந்து பலகை ஊறியிருக்கிறது. அது இனிமேல் சிங்க் பிரச்சினை இல்லை, தள்ளிப்போடாதீர்கள். வண்டியின் அடி உறை ஓரிடத்தில் தொப்பை மாதிரி தொங்கினால் அதற்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதைக் கத்தியால் குத்தாதீர்கள், கழிவுத் தண்ணீர் தலையில் கொட்டும்.

பூங்காவுக்கே வந்து பார்க்கும் மொபைல் டெக்னீஷியன்கள் மணிக்கணக்கில் காசு வாங்குபவர்கள். என்ன சோதித்தீர்கள் என்று எழுதிவைத்துப் படித்துக் காட்டுங்கள்: டேங்க் காலி, வண்டி மட்டமாக நிற்கிறது, ஏர் வால்வைக் கழற்றினால் காற்று வெளியே வருகிறது, ஸ்பிரிங் எட்டடி போய் நின்றது, இப்படி. ஒருமுறை நான் எதையும் பார்க்காமல் கூப்பிட்டுவிட்டேன். வந்தவர் முதல் ஒரு மணி நேரம் செய்தது எல்லாம் மேலே நான் எழுதியவைதான்.

## மாட்டிய பிறகு அடியில் சொட்டுகிறது

நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அதைத் தாண்டினால் மரை போய்விடும். அப்படியும் சொட்டினால் வாஷர் தலைகீழாக இருக்கிறது, அல்லது பைப் நேராக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள், பசை பூசி அடைக்க வேண்டாம்.

நின்ற வண்டியில் சொட்டாதது ஓடிய வண்டியில் சொட்டும். ரோட்டில் குலுங்கும்போது இந்த நட்டுகள் தளர்வது சகஜம். அதனால் மாட்டிய அன்று அலமாரியின் அடியை நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் நேர் கீழே ஒரு டிஷ்யூவை விரித்துவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்து ஒரு வேளைப் பாத்திரம் கழுவியதும் கதவைத் திறந்து அந்த டிஷ்யூவைத் தொட்டுப் பாருங்கள். எது நனைந்திருக்கிறதோ அதற்கு மேலே இருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது, மறுபடி கையால் இறுக்கி அதே கால் சுற்று கொடுங்கள்.